மண்டி மாடியில் வாக்குமூல வகுப்பு

போன வாரம் சாயங்காலம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வந்து நின்று, இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு வேர்க்கடலை வறுக்க ஆரம்பித்தார். சட்டியில் கரண்டி தட்டும் சத்தம் மூன்றாவது மாடி வரை வந்தது. சாய்வு நாற்காலியில் கிடந்த நான், "மல்லாட்டை வறுக்கறாங்க போலிருக்கு" என்றேன். மருமகள் சிரித்தாள். அவள் மதுரைக்காரி. இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இன்னும் அந்தச் சொல்லுக்குச் சிரிக்கிறாள். மணிலாக்கொட்டை எங்கள் வட ஆர்க்காட்டு வாயில் புகுந்து மல்லாட்டையாகி வெளியே வந்த வரலாற்றை அவளுக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது. மறுபடியும் சொன்னேன். அவளும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். நல்ல பெண்.

வறுத்த கடலையின் வாசனை யாருக்கும் பசியைத்தான் கிளப்பும். எனக்கு அதன் பின்னாலேயே வறுக்காத மல்லாட்டையின் வாசனை வந்துவிட்டது. கோணிச் சாக்கு, செம்மண் தூசி, கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு, இவை மூன்றும் கலந்த வாசனை. சட்டம் என்றால் மற்ற வக்கீல்களுக்குப் பழைய புத்தகத்தின் மணம் நினைவுக்கு வருமாம். எனக்கு இந்த மண்டி வாசனைதான். நான் சட்டம் படித்தது சென்னையில் என்றாலும், சட்டம் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டது திருவண்ணாமலையில், தேரடிக்குப் பின்னால் இருந்த ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியில்.

அறுபதுகளின் தொடக்கம். நான் பி.எல். முடித்துவிட்டு ஊருக்கு வந்து, வரதன் என்ற வக்கீலிடம் ஜூனியராக உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று ஒரு கட்சிக்காரர்கூடக் கிடையாது. கோர்ட்டில் வேப்பமரத்தடியில் நிற்பேன், கோட்டு வெயிலில் சூடாகும், வீட்டுக்கு வருவேன். அந்த நாட்களில் எனக்கு எதிலும் பெரிய ஆசையும் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் வலிக்காது, ஆனால் கால் இருக்கிறது என்று தெரியும் இல்லையா, அந்த மாதிரி. அம்மா என்னைப் பார்த்துப் பயந்து, அம்மன் சந்நிதியில் விளக்கேற்றினாள். வரதன் சார் பயப்படவில்லை. "சும்மா உக்காந்துனு இருக்கறதுக்கு, சாயங்காலம் மாடிக்கு வந்து எவிடன்ஸ் பாடம் எடு" என்றார். அப்படித்தான் நான் ஆசிரியனானேன்.

மாடியில் அவர் நடத்தி வந்தது ஒரு டுடோரியல். பலகையில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தது. ஊரார் அதைச் செக்‌ஷன் பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னார்கள். படிக்க வந்தவர்கள் எல்லோரும் மீசை வைத்த மாணவர்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், கோர்ட்டில் கேஸ் கட்டு தூக்குகிறவர்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் இவர்கள் எல்லோரும் சட்டத்தில் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். பாஸ் செய்த குமாஸ்தா பின்னால் தாசில்தாராகலாம், சப் மாஜிஸ்திரேட்டாகலாம். பாஸ் செய்யாதவர் குமாஸ்தாவாகவே ரிட்டையர் ஆவார். அதனால் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளை மண்டி வாசலில் சாத்திவிட்டு, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே புகுந்து மரப்படியேறி வந்து உட்காருவார்கள். கார்த்திகைத் தீபத்துக்குப் பத்து நாள் வகுப்பு கிடையாது. போலீஸ்காரர்களுக்குப் பந்தோபஸ்து, குமாஸ்தாக்களுக்கு முகாம். பௌர்ணமிக்கு லீவு விட்டதில்லை. அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்றியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கீழே மண்டியில் மூட்டை எடை போடுகிறவர் ராகம் போட்டு எண்ணுவார். ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்று ஆரம்பித்து ரெண்டு, மூணு என்று போவார். மேலே நாங்கள் செக்‌ஷன் நம்பர் சொல்லிக்கொண்டிருப்போம். ஒருநாள் ஒரு ஏட்டையா என்னிடம் ஒப்பிக்கும்போது, செக்‌ஷன் லாபம் என்று ஆரம்பித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பரீட்சையில் அப்படி எழுதினாரா என்று தெரியாது, பாஸ் செய்துவிட்டார்.

ஆசிரியர்கள் நாங்கள் நான்கு பேர். வரதன் சார் பீனல் கோடு எடுத்தார். ஒரே ஒரு குடையை வைத்துக்கொண்டு திருட்டு, வழிப்பறி, மிரட்டிப் பறித்தல் மூன்றையும் நடித்துக் காட்டுவார். குடை எப்போதும் முன் வரிசைக்காரருடையதாக இருக்கும். ராவ் என்று ஒருவர் ரெவின்யூ சட்டம் எடுத்தார். தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக இருந்து ரிட்டையரானவர். எதைக் கேட்டாலும் ஜாஸ்தி, கம்மி என்ற இரண்டு சொல்லுக்குள் முடித்துவிடுவார். பாதி வகுப்பில் தூங்குவார், விட்ட இடத்தில் சரியாக எழுந்துகொள்வார். நான் சாட்சியச் சட்டம். நான் பேசும்போது முன் வரிசையில் கொட்டாவி அதிகம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது ஆள் ஜம்புலிங்கம். எங்களுக்கு ஜம்பு சார். ரிட்டையரான சப் மாஜிஸ்திரேட். கிரிமினல் நடைமுறைச் சட்டம் அவருடையது. ஒல்லியான உருவம், கழுத்து வரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறையில் வாடகைக்குத் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில். அந்தப் பக்கம் தனியாக வந்து தங்குகிறவர்கள் எல்லாம் சாமி தேடி வந்தவர்கள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்து அவருக்கு விபூதிப் பிரசாதம் கொண்டுவந்து தருவாராம். இவர் மலைப் பக்கமே திரும்பி நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் செங்கம் ரோட்டில் நடந்தே வந்து மண்டிப் படியேறுவார். மாணவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். ரெக்கார்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் எல்லா வகுப்பிலும் ஒருமுறையாவது சொல்வார்.

பரீட்சைக்கு முந்தின மாதம் அவர் ஒரு பயிற்சி வைப்பார். அதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தின் விசேஷம். வாக்குமூல வகுப்பு என்று பெயர். குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளும் ஒருவனை போலீஸ், மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், மாஜிஸ்திரேட் அதை எப்படி எழுதி வாங்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. போலீஸ்காரரை வெளியே அனுப்ப வேண்டும். நான் மாஜிஸ்திரேட் என்று உனக்குத் தெரியுமா, நீ வாக்குமூலம் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை தெரியுமா, கொடுத்தால் உனக்கு எதிராகவே அதைப் பயன்படுத்துவார்கள் தெரியுமா, யாராவது அடித்தார்களா, ஆசை காட்டினார்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். அவனைக் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவன் சொன்ன ஒவ்வொரு பதிலையும் எழுத வேண்டும். கடைசியில், இவன் தானாக மனமுவந்து சொன்னான் என நம்புகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் சர்டிபிகேட். பரீட்சையில் இது நிச்சயம் வரும்.

பயிற்சியில் மாணவர் ஒவ்வொருவராக மேஜைக்குப் பின்னால் மாஜிஸ்திரேட்டாக உட்காருவார். குற்றவாளி எப்போதும் ஜம்பு சார்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் தரையில் குந்துவார். பேச்சே மாறிவிடும். எம் பேரு ஏழுமல சாமி என்பார். வரப்புத் தகராறு, பங்காளி வாய்க்கு வந்தபடி ஏசினான், கையிலிருந்த மம்முட்டியால் ஒரே போடு. ஒவ்வொரு மாணவரிடமும் அதே கதை, அதே சொற்கள், அதே இடத்தில் மூக்கை உறிஞ்சுவது. எல்லாம் எழுதி முடிந்து மாணவர் சர்டிபிகேட் எழுதப் பேனாவை மையில் தோய்க்கும் நேரத்தில், ஏழுமலை தலையைத் தூக்கி ஒன்று கேட்பான்.

"சொல்லிட்டேன் சாமி. இனிமே ஊட்டுக்குப் போலாமா?"

நான் பார்த்த முதல் வருஷம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு அச்சு அசலாக இருந்தது. ஒரு போலீஸ்காரர், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்று அதட்டினார். ஒரு குமாஸ்தா அது அப்புறம் பாத்துக்கலாம் என்றார். இன்னொருவர் நல்ல மனுஷர், போலாம் போலாம் என்று சொல்லிக்கொண்டே சர்டிபிகேட்டை எழுதி முடித்தார். ஒருவர்கூட அந்தக் கேள்வியை எழுதவில்லை. ஜம்பு சார் எழுந்து துண்டை அவிழ்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு, அவர்கள் எழுதியதைத் திருத்தினார். விட்டுப்போன கேள்விகளைச் சிவப்பு மையால் எழுதினார். ஏழுமலை கேட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நடிகர், இந்த வயதிலும் இப்படி ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் வருஷமும் அதே. மாணவர்கள் வேறு, ஏழுமலை அதே ஏழுமலை. அந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும்போது ஜம்பு சார் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

அந்த வருஷம் தீப லீவில் ஒரு மத்தியானம் வரதன் சார், ராவ், நான் மூவரும் காலி வகுப்பில் உட்கார்ந்து மாதிரிக் கேள்வித்தாள் தயார் செய்தோம். தெருவில் ஒரே ஜனம். ஜம்பு சார் வரவில்லை. மண்டிக்காரர் கொடுத்தனுப்பிய மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே, அந்தக் கடைசிக் கேள்வியை ஜம்பு சார் எங்கே பிடித்தார் என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

வரதன் சார் உரிப்பதை நிறுத்தவில்லை. "அது நெசக் கேஸு தம்பி" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஜம்பு சார் வேறொரு தாலுகாவில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, வரப்புத் தகராறுக் கொலையில் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவர் எல்லாக் கேள்வியும் முறையாகக் கேட்டார், எல்லாப் பதிலையும் முறையாக எழுதினார். கடைசியில் அவன், ஊட்டுக்குப் போலாமா என்று கேட்டான். அது அவனைக் கேட்ட கேள்வியும் இல்லை, அவன் சொன்ன பதிலும் இல்லை. அவன் கேட்ட கேள்வி. அதை எழுத வேண்டும் என்று எந்தச் செக்‌ஷனிலும் இல்லை. இவர் எழுதவில்லை. ரேகை வைக்கச் சொன்னார், வைத்தான். செஷன்ஸ் கோர்ட்டில் மற்ற சாட்சிகள் எல்லாம் பிசகிவிட்டார்கள். வாக்குமூலம் மட்டும் நின்றது. எவ்வளவு முறையாக எழுதப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் இவரைப் பாராட்டியும் இருந்தார்களாம். மேல் கோர்ட்டிலும் அது நின்றது. அவனைத் தூக்கில் போட்டார்கள்.

"அவன் செஞ்சிருக்க மாட்டானா சார்?" என்றேன்.

"செஞ்சிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனா சொன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நம்பிச் சொல்லியிருக்கான். அது செல்லாத வாக்குமூலம். எவிடன்ஸ் எடுக்கறவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?"

ராவ் கண்ணைத் திறக்காமலேயே, சட்டப்படி அவர்மேல் தப்பு கம்மிதான், ஜாஸ்தியாக ஒரு வரி எழுதியிருக்கலாம், அவ்வளவுதான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் பேச வரும். எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தொண்டையில் மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தேன்.

பிறகு கேட்டேன், அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் குந்தி உட்கார்ந்து அதைக் கேட்கிறாரே, யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்று காத்திருக்கிறாரா, அல்லது யார் இருந்தாலும் வைத்திருக்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்கிறாரா? வரதன் சார் மல்லாட்டைத் தோலைக் கையால் ஓரமாகத் தள்ளினார். இரண்டும்தான் என்று நினைக்கிறேன் என்றார். மாணவர் யாரிடமாவது ரகசியமாகச் சொல்லி எழுத வைக்கலாமே என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வரதன் சார் என்னைப் பார்த்த பார்வையில், ஏன் எனக்குக் கட்சிக்காரர் வருவதில்லை என்பது எனக்கே விளங்கியது.

"சொல்லிக் குடுத்த சாட்சி எதுக்குப்பா ஆவும்?" என்றார்.

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் வாக்குமூல வகுப்பு வந்தால் பின் பெஞ்சில் விடைத்தாள் திருத்துகிற சாக்கில் உட்கார்ந்துகொள்வேன். ஏழுமலை தலையைத் தூக்கும்போது என் பேனாவும் நின்றுவிடும். எதிரே இருப்பவர் சிரிப்பார், அதட்டுவார், எழுதுவார். ஜம்பு சார் எழுந்து கோட்டைப் போட்டுக்கொள்வார். அவர் முகத்தில் நிம்மதி தெரிகிறதா, ஏமாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. எத்தனை பெரிய விஷயமாக இருந்தாலும் வருஷா வருஷம் பார்த்தால் பழகிவிடுகிறது.

அப்புறம் சோமு வந்தான். பெரிய கோயிலில் பூஜை முறை உள்ள குடும்பத்துப் பையன். பையன் என்றால் என் வயதுதான், இரண்டு குழந்தைகள். அண்ணன்கள் கோயிலைப் பார்த்துக்கொள்ள, இவன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. இந்தப் பரீட்சையில் அவன் தோற்ற கணக்கு அவனுக்கே சரியாக நினைவில்லை. ருத்ரமும் சமகமும் மடமடவென்று வரும் வாயில் மூன்று செக்‌ஷன் சேர்ந்தாற்போல் நிற்காது. புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சையில்கூடத் தோற்றவன் அவன். அடையாளத்துக்காகச் சட்டப் புத்தகம் முழுக்கக் கோயில் மஞ்சள் கயிறாகக் கட்டிவைத்து, எந்தக் கயிறு எதற்கு என்று பரீட்சை ஹாலில் மறந்துவிட்டான். வரதன் சார் அவனைத் தாலி கட்டினவன் என்றுதான் கூப்பிடுவார். அவன் கோபித்துக்கொண்டதே இல்லை.

அன்று அவன் முறை வந்தபோது மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சோமு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பெயரை இரண்டு தடவை கேட்டான். எத்தனை நாள் போலீஸ் காவலில் இருந்தாய் என்று கேட்க மறந்தே போனான். அடித்தார்களா என்ற கேள்வி நடுவில் எங்கோ வந்தது. பின்னாலிருந்து ஒருவர் கிசுகிசுவென்று எடுத்துக் கொடுக்க, வரதன் சார் வாசற்படியில் நின்றபடியே அதட்டினார். எப்படியோ வரப்புத் தகராறு முடிந்தது, மம்முட்டி விழுந்தது. சோமு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சர்டிபிகேட் எழுத ஆரம்பித்தான்.

"சொல்லிட்டேன் சாமி. இனிமே ஊட்டுக்குப் போலாமா?"

சோமு நிமிர்ந்து பார்த்தான். பேனாவை வைத்துவிட்டான். தெருவில் யாரோ வழி கேட்டால் நின்று பதில் சொல்வோமே, அதே குரலில் பேசினான்.

"வீட்டுக்கா? அதெப்படிப்பா போக முடியும்? யாருப்பா உனக்கு அப்படிச் சொன்னது?"

தரையில் குந்தியிருந்த ஜம்பு சார் வாயைத் திறந்தார். கீழே மூட்டை எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது. சோமு கொஞ்சம் குனிந்து, பயப்படாமல் சொல்லு, யார் சொன்னது என்று மறுபடி கேட்டான். ஜம்பு சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை இத்தனை வருஷமாகப் பேசி வந்த பேச்சு அந்த இடத்தோடு முடிந்துபோயிருந்தது. அதற்கு அப்புறம் அவனுக்கு வசனம் இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை நிஜமான ஏழுமலையிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் கையை ஊன்றி எழுந்தார். எழுவதற்கு நேரம் பிடித்தது. சோமு பயந்துவிட்டான்.

"கேள்வி தப்பா சார்? லிஸ்ட்ல இல்ல, வாயில வந்துடுச்சு."

"தப்பு இல்லைங்க" என்றார் ஜம்பு சார். "இன்னிக்கு இதோட போதும்."

யாரும் சிரிக்கவில்லை. எதற்கு வகுப்பு முடிந்தது என்றும் அவர்களுக்குப் புரியவில்லை. சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜம்பு சாரோடு செங்கம் ரோட்டில் நடந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே ஆசிரமத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வெறுங்காலோடு வந்தாள். இவரைப் பார்த்துக் கும்பிட்டாள், இவரும் கும்பிட்டார். சைக்கிள் செயின் கரகரவென்று சத்தம் போட்டது, எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தேன்.

அவராகத்தான் பேசினார்.

"யாராவது கேக்கணும்னுதான் இத்தனை வருஷமா உக்காந்தேன். கேட்டா அவன் என்ன சொல்லியிருப்பான்னு நான் யோசிச்சதே இல்லைங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. அவர் அறை வாசலில், சாப்பிட்டுவிட்டுப் போங்களேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. துக்கம் வந்து உட்காரும் இடத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன்.

மறுநாளும் அவர் வகுப்புக்கு வந்தார். ஜாமீன் பற்றி எடுத்தார். அதற்கப்புறம் எந்த வருஷமும் தரையில் குந்தவில்லை. வாக்குமூலக் கேள்விகளைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ரெக்கார்டில் இல்லாதது நடக்கவில்லை என்று சொல்வதையும் விட்டுவிட்டார். ஆனால் மாணவர்கள் அதை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சோமு அந்தத் தடவையும் தோற்றான். வாக்குமூலக் கேள்விகளைப் பட்டியல் போடச் சொல்லியிருந்தார்களாம். கடைசியில், வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று உனக்கு யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினேன் சார் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். அதனால்தான் தோற்றானா என்றால், அவன் தோற்பதற்கு வேறு காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த தடவை பாஸ் செய்துவிட்டான். லட்டு கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் கேள்வியை எழுதினாயா என்று கேட்டேன். "இல்ல சார், எதுக்கு ரிஸ்க்" என்றான்.

ஜம்பு சார் அறுபதுகளின் கடைசியில் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து, ஓரத்தில் கறுப்பு மை தடவிய கருமாதிக் கார்டு வந்தது. வரதன் சார் கார்டைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். ராவ் எடுத்துப் படித்தார். அப்புறம் வகுப்புக்கு மணியடித்தார்கள். பிறகு குமாஸ்தாக்கள் மாஜிஸ்திரேட்டாவது நின்றுபோய், கூட்டம் குறைந்து, ஒரு தீப லீவுக்கு மூடிய டுடோரியல் மறுபடி திறக்கவே இல்லை. மண்டி ஊருக்கு வெளியே போய்விட்டது. அந்தக் கட்டடத்தை இடித்து லாட்ஜ் கட்டினார்கள். ராவும் வரதன் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சோமு போய்ப் பதினைந்து வருஷமிருக்கும். எனக்கும் காலப்போக்கில் கட்சிக்காரர்கள் வந்தார்கள், பணம் வந்தது, மரத்துப்போனது கொஞ்சம் விட்டது, முழுக்க விடவில்லை.

வக்கீல் தொழிலை விடுவதற்குச் சற்று முன்னால் வேறொரு வழக்குக்காக, ஜம்பு சாரின் அந்தக் கேஸ் நடந்த ஜில்லாக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வரதன் சார் சொன்ன அடையாளங்களை வைத்து, அந்தப் பழைய கொலைக் கேஸ் கட்டு இருக்கிறதா என்று ரெக்கார்டு ரூமில் கேட்டேன். அங்கிருந்த பெண் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் காலத்துக் கட்டெல்லாம் அழிச்சாச்சுங்க சார் என்றாள். விதிப்படி அழிப்பதுதான். அவள் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள் என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜம்பு சார் முறை தவறாமல் கேட்ட கேள்விகள், அவன் சொன்ன பதில்கள், கீழே அவர் எழுதிய சர்டிபிகேட், அவன் வைத்த ரேகை, தீர்ப்பில் இருந்த பாராட்டு, எதுவும் இன்று இல்லை. அவன் பெயர் ஏழுமலைதானா, அதுவும் அவர் வகுப்புக்காக வைத்த பெயரா என்று கேட்கத் தோன்றாமலே போய்விட்டது. அந்த மனிதன் இந்த உலகத்தில் பேசியதில், அவர் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி மட்டும்தான் மிச்சம். அதுவும் என்னிடம்தான் இருந்தது, இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவன் வீட்டுக்குப் போகலாமா என்றுதான் கேட்டான்.